யமஹா பசிஃபிக்கா 012: தானாகக் கற்பவர் கையில் எப்படி இருக்கிறது?

வாத்தியார் பக்கத்தில் இருந்தால் கித்தாரின் குறை பத்து விநாடியில் தெரிந்துவிடும். கையில் வாங்கி இரண்டு கம்பியைத் தட்டிப் பார்ப்பார், "கம்பி ரொம்ப மேலே நிற்குதுப்பா, இறக்கிக்கொண்டு வா" என்பார். கோலாலம்பூரில் செந்தூலிலோ செராஸிலோ அடுக்குமாடி வீட்டு அறையில், கைப்பேசியைப் பார்த்துத் தனியாகக் கற்பவருக்கு அந்த வசதி கிடையாது. சத்தம் அடைத்துக்கொண்டு விழுந்தால் தன் விரலைத்தான் நொந்துகொள்வார். மூன்று வாரம் போராடிவிட்டு, நமக்கு இது வராது என்று கித்தாரை அலமாரி மேல் ஏற்றிவிடுவார். அப்படி ஏற்றப்பட்ட கித்தார்களை இறக்கிப் பார்த்தால், பல நேரம் விரலில் ஒரு குறையும் இருந்திருக்காது. நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு துண்டு) உயரமாக இருந்திருக்கும், இல்லை கழுத்து வளைந்திருக்கும்.

ஆகவே இந்த எலக்ட்ரிக் கித்தாரை அந்தக் கண்ணோடு மட்டுமே பார்க்கிறோம். குறை விரலிலா, கருவியிலா என்று புதியவர் தானே பிரித்துப் பார்க்கும் நிலைக்கு 012-ஐக் கொண்டுவர முடியுமா? முடியும். ஆனால் பெட்டியைப் பிரித்த அன்றே அது அந்த நிலையில் இருக்கும் என்று நம்பக் கூடாது. ஒரு மாலை நேரம் அதற்காக ஒதுக்க வேண்டும்.

கருவியைப் பற்றி முதலில். உடல் அகாதிஸ் மரம், நம் காடுகளில் டாமார் மின்யாக் என்று சொல்லும் மரத்தின் இனம். கழுத்து மேப்பிள், போல்ட் போட்டு முடுக்கியது. 22 ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்), கம்பி நீளம் 648 மி.மீ. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் அலையாக்கும் காந்தச் சுருள்) மூன்று: பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் பகுதி) பக்கம் இரட்டைச் சுருள் ஹம்பக்கர் ஒன்று, நடுவிலும் கழுத்துப் பக்கமும் ஒற்றைச் சுருள் சிங்கிள் காயில் ஒவ்வொன்று, ஐந்து நிலை சுவிட்சு, ஒரு வால்யூம், ஒரு டோன். பிக்கப் காந்தங்கள் செராமிக். ஃப்ரெட் பலகையின் வளைவு ஆரம் 350 மி.மீ., அதாவது தட்டையாகவே இருக்கும். இந்தத் தட்டை புதியவருக்கு நல்லது. கம்பியைத் தள்ளி இழுக்கும்போது மேல் ஃப்ரெட்டில் இடித்து ஒலி அறுந்துபோவது குறைவு, கம்பியைத் தாழ்வாக இறக்கவும் இடம் கிடைக்கும். நிறம், பளபளப்பு எல்லாம் உங்கள் விருப்பம்.

ஹம்பக்கர் ஒன்று இருப்பது ஏன் முக்கியம் என்றால், அடுக்குமாடி வீட்டில் சிங்கிள் காயில் இரையும். சுவர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதே சுருதியில் அந்த இரைச்சலும் வரும். கணினித் திரை, மின்விளக்கு, கைப்பேசி சார்ஜர் எல்லாம் அதைக் கூட்டும். ஹம்பக்கரில் இரண்டு காயில்கள் எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் இரைச்சல் ஒன்றை ஒன்று அழித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் நிற்கும். சிங்கிள் காயில் இரைச்சல் வந்தால் நாற்காலியோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் பெரிதும் அடங்கும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் கித்தாரின் எர்த் கம்பி சரியாக இருக்கிறது என்று பொருள். தொட்டும் மாற்றம் இல்லை, அல்லது கூடுகிறது என்றால் உள்ளே ஓர் இணைப்பு விட்டுப்போயிருக்கலாம். அதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியது

இணையக் கடைகளில் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), பை, வார், கேபிள் எல்லாம் சேர்த்துப் பெயர் தெரியாத கித்தார் கட்டுகள் நிறைய வரும். விலை பார்த்ததும் கை போகும். அவற்றில் இரண்டு குறை அடிக்கடி தென்படும். ஃப்ரெட் ஓரங்கள் கையைக் கீறும், கம்பியை முடுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடை வழுக்கும். வழுக்கும் பிரடையோடு கற்பவரின் காது கெட்டுப்போகும், அதுதான் பெரிய நட்டம். முடிந்தவரை நேரில் வாங்குங்கள். கோலாலம்பூர்க்காரர்களுக்கு முத்தியாரா டாமன்சாரா எம்.ஆர்.டி. நிலையத்தை ஒட்டிய வட்டாரத்தில் பென்ட்லி மியூசிக் போன்ற பெரிய கடை இருக்கிறது. பினாங்கில் இருப்பவர்கள் ஜார்ஜ் டவுனில் உட்கார்ந்து வாசித்துப் பார்க்கவிடும் கடையாகத் தேடுங்கள். வாசித்துப் பார்க்க விடாத கடையில் கித்தார் வாங்க வேண்டாம்.

வாசிக்கத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டியதில்லை. 22 ஃப்ரெட், 6 கம்பி, மொத்தம் 132 இடம். ஒவ்வொன்றையும் ஒருமுறை அழுத்தித் தட்டுங்கள். ஐந்தாறு நிமிடம் ஆகும். ஆம்பில் செருகாமல் தட்டினால்தான் கரகரப்பு நன்றாகக் காதில் விழும். ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் கரகரத்தால் அந்த ஃப்ரெட்டோ அதற்கு அடுத்ததோ ஒழுங்காக உட்காரவில்லை. அந்தக் கித்தாரை வைத்துவிட்டு அதே மாடலில் வேறொன்று கேளுங்கள். முதல் நான்கைந்து ஃப்ரெட்டில் வரிசையாகக் கரகரத்தால் கழுத்து அளவுக்கு மீறி நேராகிவிட்டது. அதைச் சரிசெய்யலாம். பன்னிரண்டுக்கு மேல் மட்டும் கரகரத்தால் கம்பி தாழ்வு, இல்லை கழுத்து முன்னால் வளைந்திருக்கிறது. அதுவும் சரிசெய்யக்கூடியதுதான்.

பிறகு நட். கம்பிகள் தலைப்பகுதியிலிருந்து இறங்கும் இடத்தில் வெள்ளையாக ஒரு சிறு துண்டு இருக்குமே, அது. கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு தலைமுடி அளவு இருந்தால் போதும். கண்ணுக்குத் தாராளமாகத் தெரிந்தால் நட் உயரம். புதியவரின் முதல் ஆறு மாதம் முழுக்க முதல் மூன்று ஃப்ரெட்டுக்குள்தான் நடக்கும், ஆகவே நட் உயரமாக இருந்தால் எல்லா கோர்டும் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கும் பிடி) வலிக்கும். காதால் அறிய ஒரு வழியும் உண்டு. திறந்த கம்பியை டியூனரில் சரியாக நிறுத்துங்கள். பிறகு முதல் ஃப்ரெட்டை மிக மெதுவாக, ஒலி வரும் அளவுக்கு மட்டும் அழுத்துங்கள். அப்போதும் டியூனர் முள் கூர்மைப் பக்கம், அதாவது சுருதி கூடும் பக்கம், தெளிவாகச் சாய்ந்தால் நட்டில் குறை. மெதுவாக அழுத்தினால் சரியாகவும், வழக்கம்போல அழுத்தினால் கூர்மையாகவும் இருந்தால் உங்கள் விரல் தேவைக்கு மேல் அழுத்துகிறது. நட் பள்ளத்தை அராவி இறக்கும் வேலையைக் கடைக்காரரிடமே விடுங்கள். அதற்கென்று அளவெடுத்த அரம் வேண்டும், அரை மில்லிமீட்டர் கூடிப்போனால் நட்டையே மாற்ற வேண்டிவரும். வாங்கும் முன்பே, "நட் இறக்கித் தருவீங்களா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் முதல் மாலை

வரிசை முக்கியம். முதலில் பிரிட்ஜ், பிறகு சுருதி, பிறகு கழுத்து, பிறகு கம்பி உயரம், கடைசியில் இன்டோனேஷன் (மேல் ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக நிற்பது). வரிசை மாறினால் ஒன்றைச் சரிசெய்ய இன்னொன்று கெடும்.

012-இல் இருப்பது, கைப்பிடியால் அசைத்துச் சுருதியை ஆட்டக்கூடிய பழைய பாணி ட்ரெமலோ பிரிட்ஜ். கித்தாரின் முதுகுப் பக்கத் தட்டைக் கழற்றினால் ஸ்பிரிங்குகளும், அவற்றைப் பிடித்திருக்கும் உலோகத் தகட்டில் இரண்டு நீண்ட திருகாணிகளும் தெரியும். கம்பிகளின் இழுவையும் ஸ்பிரிங்கின் இழுவையும் சமமாக இருக்கும்போது பிரிட்ஜ் பின்பக்கம் சற்றே எழும்பி மிதக்கும். மிதக்கும் பிரிட்ஜ் புதியவருக்குத் தொல்லை. ஒரு கம்பியின் சுருதியை மாற்றினால் மற்ற ஐந்தும் அசையும், ஆறையும் சுற்றிச் சுற்றிச் சரிசெய்தே பயிற்சி நேரம் தீர்ந்துவிடும். ஆகவே அந்த இரண்டு திருகாணிகளையும் ஒவ்வோர் அரைச் சுற்றாக, இரண்டையும் சமமாக முடுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் சுருதியைத் திருப்பி நிறுத்துங்கள். பிரிட்ஜின் பின்பகுதி உடலில் படிந்து உட்காரும்வரை இப்படியே செய்ய வேண்டும். படிந்துவிட்டதா என்று பார்க்க, தடித்த ஆறாம் கம்பியைத் தட்டிவிட்டு, அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாம் கம்பியைத் தள்ளி இழுங்கள். ஆறாம் கம்பியின் சுருதி இறங்கினால் இன்னும் மிதக்கிறது. ட்ரெமலோ கைப்பிடியைக் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள். முதல் வருடத்தில் அது தேவையில்லை.

சுருதி: தடித்த ஆறாம் கம்பியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஐந்தாம் கம்பியான ஏ 110 ஹெர்ட்ஸ். புதுக் கம்பி என்றால் ஒவ்வொன்றையும் நடுவில் பிடித்து மெல்லத் தூக்கி இழுத்துவிட்டு மீண்டும் சுருதி சேருங்கள். நான்கைந்து தடவை செய்தால் இறங்குவது நிற்கும். பிரடையைத் திருப்பும்போது சுருதி சீராக ஏறாமல் 'டிங்' என்று தாவி ஏறினால் பிரடையைக் குறை சொல்ல வேண்டாம். கம்பி நட் பள்ளத்தில் சிக்கி விடுபடுகிறது. 2பி பென்சில் கரியை அந்தப் பள்ளத்தில் தேய்த்தால் போதும். எப்போதும் கீழிருந்து மேலாகச் சுருதி சேருங்கள். கூடிப்போனால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பிரடையின் பல்லில் இருக்கும் தளர்வு கொஞ்ச நேரத்தில் சுருதியை இறக்கிவிடும்.

கழுத்தைப் பார்க்க, ஆறாம் கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்து ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாம் எட்டாம் ஃப்ரெட் பக்கம் கம்பிக்கு அடியில் சுமார் 0.25 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அளக்க அச்சுத் தாள் போதும். 80 கிராம் தாள் ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ., ஆக இரண்டு தாள் நழுவிப் போக வேண்டும், நான்கு தாள் போனால் அதிகம். இடைவெளி அதிகமானால் கழுத்துக்குள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராட்டை வலப்பக்கமாக, கடிகார முள் திசையில் முடுக்க வேண்டும். இடைவெளியே இல்லை என்றால் இடப்பக்கமாகத் தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருப்பியதும் சுருதி சேர்த்து, ஓர் இரவு விட்டு மறுநாள் பாருங்கள், மரம் மெதுவாகத்தான் அசையும். ராட் இறுக்கமாக எதிர்த்தால் பலம் காட்டாமல் நிறுத்திவிடுங்கள்.

கம்பி உயரத்துக்கு உங்கள் ஐ.சி. (அடையாள) அட்டையே அளவுகோல். மைகாட், வங்கி அட்டை எல்லாம் ஒரே தரம், தடிமன் 0.76 மி.மீ. இரண்டு அட்டையைச் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் அவற்றை வைத்து முதல் கம்பிக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். கம்பியைத் தூக்காமல், உரசிக்கொண்டு போனால் அதுதான் நாம் தேடும் உயரம், சுமார் 1.6 மி.மீ. ஆறாம் கம்பிக்கு 2 மி.மீ. வரை விடலாம். இரண்டு அட்டை தாராளமாகப் போக வேண்டும், மூன்று அட்டை போகக் கூடாது. பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடில் ஒவ்வொன்றிலும் உயரத்துக்காக இரண்டு சிறு திருகுகள் இருக்கும். இரண்டையும் சமமாகத் திருப்பி, சேடில் சாயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுக் கம்பிகள் ஃப்ரெட் பலகையின் வளைவுக்கு ஏற்ப ஒரு மயிரிழை உயர்ந்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து வந்தபடியே மூன்று அட்டை சுலபமாக நுழையும் கித்தார்களே அதிகம். கம்பி உரசிக் கரகரக்கிறது என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவருவதைவிட, உயரமாக இருக்கிறது என்று வலித்துக்கொண்டே வாசிப்பது கடைக்கும் தொழிற்சாலைக்கும் வசதி. அதன் விலையைக் கொடுப்பது புதியவரின் விரல் நுனிதான்.

கடைசியாக இன்டோனேஷன். பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியைத் தொட்டும் தொடாமலும் வைத்துத் தட்டி, ஹார்மானிக் என்ற மணி போன்ற ஒலியை எழுப்புங்கள், பிறகு அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். அழுத்தியது கூர்மையாக இருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளிக் கம்பி நீளத்தைக் கூட்டுங்கள். தட்டையாக, அதாவது சுருதி குறைந்து, இருந்தால் முன்னால் கொண்டுவாருங்கள். துருப்பிடித்த கம்பியில் இதைச் செய்யாதீர்கள், எந்த அளவும் நிற்காது.

இத்தனையும் செய்து முடித்த 012, விலையில் அதைவிட இருமடங்கான, ஆனால் செட்டப் செய்யாத கித்தாரைவிட வாசிக்கச் சுலபமாக இருக்கும். திருகைத் தொடவே கை நடுங்குகிறது என்பவர்கள் கித்தார் பழுதுபார்ப்பவரிடம் செட்டப் கொடுக்கலாம். மாடலை ஒரு படி உயர்த்துவதைவிட அந்தப் பணம் நன்றாக உழைக்கும்.

ஆம்ப்

அடுக்குமாடியில் ஹெட்போன்தான் வழி. கித்தாரில் நேராகச் செருகும் வாக்ஸ் ஆம்ப்ளக் போன்ற குட்டி ஆம்ப் இரண்டு ட்ரிபிள் ஏ பேட்டரியில் ஓடும், ஒரு வருடக் கற்றலுக்கு அதுவே போதுமானது. சற்று ஒலிபெருக்கியும் வேண்டும் என்றால் பாஸ் கட்டானா மினி, 7 வாட், ஆறு டபுள் ஏ பேட்டரி. புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டாம். தட்டியதற்கும் கேட்பதற்கும் நடுவில் தாமதம் விழும், தாளமே நிற்காது. அந்தத் தாமதத்தையும் புதியவர் தன் கையின் குறை என்றே எடுத்துக்கொள்வார். கம்பியுள்ள ஹெட்போன் எதுவானாலும் சரி. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் ஆம்ப் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனதா என்று பாருங்கள், நம் சுவரில் 230 வோல்ட். மாலை இடி மின்னல் தொடங்கினால் பிளக்கைக் கழற்றிவிட்டு பேட்டரியில் வாசியுங்கள்.

ஆம்பில் கெயின் குமிழைக் குறைத்தே வையுங்கள். கெயின் கூடினால் வரும் டிஸ்டார்ஷன் என்ற கரகர ஒலி எல்லாவற்றையும் நசுக்கி ஒரே உயரத்துக்குக் கொண்டுவருவதால் தட்டாமல் விட்ட கம்பி, பாதி அழுத்திய விரல் எல்லாம் மறைந்துபோகும். நன்றாக வாசிப்பதுபோலத் தோன்றும். சுத்த ஒலியில் அதே இடத்தைக் கேட்டால்தான் உண்மை தெரியும். 012-இன் செராமிக் பிக்கப் பளிச்சென்றும் கொஞ்சம் கடினமாகவும் ஒலிக்கும். டோன் குமிழை 7-க்கு இறக்கினால் காதுக்கு இதமாகிவிடும். சுத்த ஒலிக்குக் கழுத்துப் பக்கப் பிக்கப், அழுக்கு ஒலிக்கு ஹம்பக்கர். நடு நிலைகளை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

என்ன வாசிப்பது

ஆங்கிலம் புரியும் என்றால் ஜஸ்டின் சாண்டர்கோவின் இலவச இணையப் பாடங்கள் வரிசையாக, பொறுமையாகப் போகும். தமிழில் பாட்டுக்குப் பாட்டு காணொளிகள் ஏராளம், ஆனால் எதற்குப் பின் எது என்று தெரியாமல் தவிப்பீர்கள். ஒரே பாடத்தைப் பிடித்துக்கொண்டு, தமிழ்க் காணொளிகளைப் பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

நம்மில் பலருக்கு அந்தப் பாடங்களில் இல்லாத ஒரு கைமுதல் உண்டு. பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸிலோ, கோயில் வகுப்பிலோ சின்ன வயதில் சரளி வரிசை பாடியவர்கள் ஏராளம். அந்தக் காதை இங்கே பயன்படுத்தாமல் விடுவது வீண். கித்தாரின் திறந்த ஆறாம் கம்பி ஈ, அதாவது 3 கட்டை. தம்பூரா செயலியில் 3 கட்டையை வைத்தால் அதோடு அப்படியே சேரும். பன்னிரண்டு ஃப்ரெட்டும் பன்னிரண்டு ஸ்வரஸ்தானம். ஃப்ரெட்டைத்தான் வீணையில் மெட்டு என்கிறோம். ஆறாம் கம்பி சட்ஜம் என்றால் ஐந்தாம் கம்பி சுத்த மத்யமம், நான்காவது கைசிகி நிஷாதம், மூன்றாவது சாதாரண காந்தாரம், இரண்டாவது பஞ்சமம், முதல் கம்பி இரண்டு ஸ்தாயி மேலே உள்ள சட்ஜம்.

இனி சரளி வரிசை பாடும் ராகமான மாயாமாளவகௌளை. ஆறாம் கம்பியில் திறந்த நிலை ச, முதல் ஃப்ரெட் ரி, நான்காம் ஃப்ரெட் க. ஐந்தாம் கம்பியில் திறந்த நிலை ம, இரண்டாம் ஃப்ரெட் ப, மூன்றாம் ஃப்ரெட் த. நான்காம் கம்பியில் முதல் ஃப்ரெட் நி, இரண்டாம் ஃப்ரெட் மேல் ச. எட்டு ஸ்வரமும் நான்கு ஃப்ரெட்டுக்குள் அடங்கிவிட்டது. ஃப்ரெட்டுக்கு ஒரு விரல் என்று வையுங்கள்: முதல் ஃப்ரெட் ஆள்காட்டி, இரண்டு நடுவிரல், மூன்று மோதிரவிரல், நான்கு சுண்டுவிரல். நான்கு விரலுக்கும் வேலை உண்டு, திறந்த கம்பிகள் நடுவே வந்து கைக்கு ஓய்வும் கொடுக்கும். மேற்கத்தியப் பாடங்களில் முதல் வாரம் கொடுக்கும், ஃப்ரெட் விடாமல் வரிசையாக வாசிக்கும் குரோமாட்டிக் பயிற்சி கைக்கு நல்லதுதான், ஆனால் காதுக்கு அதில் ஒன்றும் இல்லை. இதில் ரி தவறினால் பாடியவருக்கு உடனே உறைக்கும். மெட்ரோநோம் 60-இல் வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம் முதல் காலம், இரண்டு ஸ்வரம் இரண்டாம் காலம், நான்கு மூன்றாம் காலம். பிக் (கம்பியைத் தட்டும் சிறு தகடு) கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என்று மாறி மாறியே போக வேண்டும், கம்பி மாறும்போதும் அந்த ஒழுங்கு உடையக் கூடாது. இரண்டாம் காலம் சுத்தமாக வர ஒரு மாதம் எடுத்தாலும் பரவாயில்லை. மூன்றாம் காலத்தை அவசரப்பட்டுத் தொட்டால் கை இறுகிவிடும்.

அது வந்த பிறகு ஐந்தாம் ஃப்ரெட்டை ச ஆக வைத்து, திறந்த கம்பியே இல்லாமல் இதே வடிவத்தை வாசியுங்கள். இப்போது சுருதி 6 கட்டை. ஆறாம் கம்பியில் 5, 6, 9, ஐந்தாம் கம்பியில் 5, 7, 8, நான்காம் கம்பியில் 6, 7. க வரும் இடத்தில் சுண்டுவிரல் ஒரு ஃப்ரெட் கூடுதலாக நீள வேண்டும். மணிக்கட்டு வலித்தால் கட்டைவிரலைக் கழுத்தின் முதுகில் இன்னும் கீழே இறக்குங்கள்.

கோர்டுகளில் ஈ மைனரோடு தொடங்குங்கள்: ஐந்தாம், நான்காம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், மற்றவை திறந்தவை. பிறகு ஈ, ஏ, டி. ஒரு கோர்டைப் பிடித்ததும் ஆறு கம்பியையும் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ஒரு கம்பி செத்துப்போயிருந்தால் மூன்று காரணங்களில் ஒன்று: விரல் ஃப்ரெட்டை விட்டுப் பின்னால் இருக்கிறது, விரல் சதை பக்கத்துக் கம்பியைத் தொடுகிறது, நகம் நீளம். விரலை ஃப்ரெட்டுக்கு ஒட்டினாற்போல நகர்த்தி, நகத்தை வெட்டியும் அதே இடம் சாகிறது என்றால், மற்ற விரல்களை எடுத்துவிட்டு அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் அழுத்திப் பாருங்கள். தனியாகவும் சாகிறது என்றால் கருவியில் குறை, மேலே சொன்ன சோதனைகளுக்குத் திரும்புங்கள். தனியாக நன்றாக ஒலித்தால் விரல் வைக்கும் கோணம்தான். ஒரு நிமிடத்தில் ஈ-யிலிருந்து ஏ-க்கு எத்தனை தடவை சுத்தமாக மாறுகிறீர்கள் என்று தினமும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முப்பது வந்த பிறகு அடுத்த ஜோடிக்குப் போகலாம்.

எலக்ட்ரிக் கித்தாரில் வாசிப்பதற்குச் சமமான வேலை, வாசிக்காத கம்பியை வாயடைப்பது. ஆம்ப் எல்லாவற்றையும் பெரிதாக்கும், சும்மா கிடக்கும் கம்பியும் அதிர்ந்து ஒலிக்கும். தடித்த கம்பிகளை வலது உள்ளங்கை ஓரம் பிரிட்ஜ் அருகே லேசாகத் தொட்டு அடக்கும், மெல்லிய கம்பிகளை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பகுதி அடக்கும். அக்கூஸ்டிக் கித்தாரிலிருந்து வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

டிஸ்டார்ஷன் ஆசை வந்ததும் முதலில் சட்ஜம், பஞ்சமம் மட்டும் உள்ள பவர் கோர்டு. ஆறாம் கம்பியில் எந்த ஃப்ரெட்டோ, ஐந்தாம் கம்பியில் அதற்கு இரண்டு ஃப்ரெட் மேலே. காந்தாரம் சேர்ந்தால் டிஸ்டார்ஷனில் கலங்கும், ச-ப இரண்டும் 2:3 என்ற எளிய விகிதத்தில் நிற்பதால் தெளிவாகக் கேட்கும். கமகம் பிடித்தவர்கள் மூன்றாம் கம்பி ஏழாம் ஃப்ரெட்டை மூன்று விரலால் தள்ளி, ஒன்பதாம் ஃப்ரெட்டின் சுருதியைத் தொடப் பழகுங்கள். முதலில் ஒன்பதை வாசித்துக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும், பிறகு தள்ள வேண்டும். ஃப்ரெட் உள்ள எலக்ட்ரிக் கருவியில் கமகம் எவ்வளவு தூரம் போகும் என்பதை மாண்டலினில் உ. ஸ்ரீநிவாஸும் கித்தாரில் ஆர். பிரசன்னாவும் காட்டியிருக்கிறார்கள்.

தினமும் இருபது நிமிடம் போதும், ஞாயிறு அன்று மூன்று மணி நேரம் உட்காருவது அதற்கு ஈடாகாது. விரல் நுனி எரிச்சல் இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். மணிக்கட்டிலோ கட்டைவிரல் அடியிலோ வலி என்றால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

வேறு எதையாவது வாங்கலாமா

ஸ்குவையர் சோனிக் ஸ்ட்ராட் நேர்ப் போட்டியாளர். பாப்லர் உடல், 21 ஃப்ரெட், வளைவு ஆரம் 241 மி.மீ., மூன்றும் சிங்கிள் காயில். அந்தப் பளிங்கு ஒலி பிடித்தவர்களுக்கு அது. ஹம்பக்கர் இல்லாததால் வீட்டு இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதே யமஹாவில் 112வி ஒரு படி மேலே: ஆல்டர் உடல், ஆல்னிகோ 5 காந்தப் பிக்கப், டோன் குமிழை இழுத்தால் ஹம்பக்கர் சிங்கிள் காயிலாக மாறும் வசதி. ஒலியில் வேறுபாடு தெளிவாகக் கேட்கும், முதல் வருடத்தில் விரலுக்கு அது தெரியாது. பணம் அளவாக இருந்தால் 012, மிச்சத்தில் செட்டப், ஹெட்போன் ஆம்ப், இரண்டு செட் கம்பி. பணம் இருந்தால் 112வி, ஆனால் அதற்கும் அந்த மாலை நேரச் சோதனை ஒன்றும் குறையாது. பழைய 112வி கிடைத்தால் முதல் மூன்று ஃப்ரெட்டில் கம்பி அறுத்த பள்ளம் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்.

நம் ஊர் வெக்கைக்கு

கோலாலம்பூர் ஈரப்பதத்தில் கம்பிதான் முதலில் பலியாகும். கை வியர்வையோடு விட்டால் இரண்டு வாரத்தில் கரும்புள்ளி விழும், வழுக்காது, இன்டோனேஷன் தடுமாறும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் மேலும் கீழும் துடையுங்கள். வாசிக்கும் முன் கையைக் கழுவுவது அதைவிட உதவும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், 9-லிருந்து 42 அளவுக் கம்பி (தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில்). 10-46 வேண்டும் என்று தோன்றினால் இழுவை கூடும், பிரிட்ஜ் மீண்டும் எழும்பும், முதல் மாலை வேலை முழுவதையும் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கும்.

குளிர்சாதனக் காற்று நேராக அடிக்கும் சுவரில் மாட்டாதீர்கள். இரவெல்லாம் காய்ந்து பகலெல்லாம் ஈரம் குடித்தால் கழுத்து தினமும் அசையும், ஃப்ரெட் ஓரமும் வெளியே துருத்தும். காரின் பின்பெட்டியில் நண்பகலில் விட்டுவைப்பது அதைவிட மோசம். பைக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். புதுக் கித்தாரின் கழுத்து முதல் சில மாதங்களில் நம் காற்றுக்குப் பழகி அசையும் என்பதால், மூன்றாம் மாதம் அட்டையையும் தாளையும் எடுத்து ஒருமுறை மறுபடி அளந்துவிடுங்கள்.